தயிர், மயோனைஸ் இல்லாமல் சாலட் டிரஸ்ஸிங் கெட்டியாக வர வழி சொல்லுங்கள்

கோவைமல்லி:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பால் அலர்ஜி என்று போன மாதம் உறுதியாகிவிட்டது. லாக்டோஸ் செரிக்காத பிரச்சினை இல்லை, பாலில் உள்ள புரதமே ஆகாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதனால் தயிர், மோர், பனீர், சீஸ் எதுவுமே கூடாது, எருமைப் பால் ஆட்டுப் பால் என்று மாற்றிப் பார்க்கவும் கூடாது. மற்ற சமையலில் பெரிய சிரமம் இல்லை, மோர்க்குழம்பும் தயிர்சாதமும் போனதோடு சரி, சாம்பார் ரசம் பொரியல் எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. சாலட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.

ராத்திரிக்கு அவளுக்குச் சாலட்தான். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பூண்டு, மிளகு, கொஞ்சம் புதினா போட்டு அடித்து வைத்தால், வெள்ளரிக்காய், கேரட், முட்டைக்கோஸ், வேகவைத்த கொண்டைக்கடலை என்று எது இருந்தாலும் அதில் பிரட்டிச் சாப்பிட்டுவிடுவாள். இப்போது எலுமிச்சையும் எண்ணெயும் கலந்து கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறாள். கேட்டால் காயில் ஒன்றுமே ஒட்டவில்லை என்கிறாள், அதுவும் உண்மைதான்.

முந்திரியை ஊறவைத்து அரைத்துப் பார்த்தேன், திப்பி திப்பியாக வருகிறது, காயோடு கலந்து மேசைக்குக் கொண்டுபோவதற்குள் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறது. தேங்காய்ப்பாலில் செய்தால் பாயசத்தின் இனிப்பு எட்டிப் பார்க்கிறது. முட்டையில்லாத மயோனைஸ் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் டப்பாவின் பின்னால் பால் பவுடர் என்று போட்டிருக்கிறது. பெரிய பிளெண்டர் எல்லாம் கிடையாது, சாதாரண மிக்ஸிதான். இதை வைத்துக்கொண்டு வழவழவென்று, காயில் ஒட்டும்படி ஒரு டிரஸ்ஸிங் செய்ய முடியுமா? முந்திரி விலைக்குத் தினமும் அதுவே கட்டுப்படியாகாது, அதனால் மாற்றி மாற்றிச் செய்ய வேறு ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம் என்பதும் தெரிய வேண்டும்.

---

சட்னிஜார்:

மல்லி அக்கா, சாதாரண மிக்ஸியிலேயே நன்றாக வரும். திப்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீரை முதலிலேயே முழுக்க ஊற்றிவிடுவது. தண்ணீர் அதிகமானால் முந்திரித் துண்டுகள் பிளேடில் மாட்டாமல் சுற்றிச் சுற்றி மிதக்கும், எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் அந்த ரவைப் பதத்திலிருந்து இறங்காது. கெட்டியாக அரைத்துவிட்டு அப்புறம் நீர்க்க வைக்க வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். அரை கப் முந்திரி, முழுசு வேண்டாம், உடைத்த முந்திரியே போதும், விலையும் குறைவு. கொதிக்கும் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம், அல்லது பச்சைத் தண்ணீரில் 4 மணி நேரம் ஊறட்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சட்னி அரைக்கும் சின்ன ஜாரில் போடுங்கள், பெரிய ஜாரில் இந்த அளவு பிளேடுக்குக் கீழேயே உட்கார்ந்துவிடும். 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர் மட்டும் விட்டு, விட்டு விட்டு அரையுங்கள். நிறுத்தி, மூடியிலும் ஓரத்திலும் தெறித்ததை வழித்து உள்ளே தள்ளி, மறுபடி அரையுங்கள். ஜாரைத் தொட்டால் சூடாக இருந்தால் 5 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். முந்திரியில் மாவுச்சத்து உண்டு, சூடேறினால் கூழாகி இழுக்க ஆரம்பிக்கும், எண்ணெய் வாடையும் வந்துவிடும். கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். மணல் நெருடல் துளிகூட இருக்கக் கூடாது. நெருடல் இருக்கும்வரை அடுத்த பொருளைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு அது நீர்த்துவிடும், திப்பியை உடைக்க முடியாது.

இதற்குள் இன்னொரு கிண்ணத்தில் ஒரு சின்னப் பூண்டுப் பல்லை நசுக்கி, ஒன்றரை டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் அரை டீஸ்பூன் உப்பும் சேர்த்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். பச்சைப் பூண்டின் காரம் புளிப்பில் அடங்கிவிடும், நேராக மிக்ஸியில் போட்டால் மறுநாள் வரை வாயில் நிற்கும். இதையும், கால் டீஸ்பூன் கடுகுப் பொடியையும், மிளகையும் முந்திரி விழுதில் சேர்த்து ஒரு சுற்று. கடைசியாக 2 டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரையுங்கள். கடுகைச் சுவைக்காக மட்டும் சொல்லவில்லை, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் தன்மை அதற்கு உண்டு. ஆலிவ் எண்ணெய் போட ஆசைப்பட்டால், எக்ஸ்ட்ரா விர்ஜின் வகையை மிக்ஸியில் ஓட்டாதீர்கள், கசந்துவிடும், வெளியில் எடுத்த பிறகு ஸ்பூனால் கலக்குங்கள்.

புளிப்பு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எலுமிச்சைப் புளிப்பு கூர்மையானது, தயிர்ப் புளிப்பு மெதுவானது, உங்கள் மகள் தேடுவது அதைத்தான். வீட்டில் பழைய சோறு ஊறவைப்பீர்கள் என்றால், பச்சைத் தண்ணீருக்குப் பதில் அந்த நீராகாரத்தை விட்டு அரைத்துப் பாருங்கள், எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். பாலைத் தயிராக்கும் அதே லாக்டிக் அமிலம்தான் அதிலும் புளிக்கிறது. சோற்றில் மோர் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஊறியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடியில் தண்ணீர் நிற்பதற்கு டிரஸ்ஸிங்கைக் குறை சொல்ல முடியாது, அது வெள்ளரிக்காயின் வேலை. உப்பு பட்டதும் தண்ணீர் விட ஆரம்பிக்கும். நறுக்கி, ஒரு சிட்டிகை உப்பு தூவிக் கால் மணி நேரம் வடிதட்டில் வைத்து, கையால் பிழிந்துவிட்டுச் சேருங்கள். முட்டைக்கோஸைக் கழுவினால் துணியில் உதறி ஈரம் போக்குங்கள். ஈரக் காயில் எந்த டிரஸ்ஸிங்கும் ஒட்டாது, தயிராக இருந்தாலும் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். தட்டில் போடும் நேரத்தில் கலப்பது நல்லது.

---

தேசிக்காய்:

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது டொராண்டோவில. தேங்காய்ப்பாலை இவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கட வீட்டில் கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்து மசித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கட்டியான தேங்காய் முதற்பால், உப்பு, தேசிக்காய்ப் புளி (உங்கட எலுமிச்சைச் சாறு) விட்டுச் சம்பல் செய்வோம். பாகற்காயை மொறுமொறுவென்று பொரித்து அதே மாதிரிச் செய்வது இன்னும் திறம். வெள்ளரிக்காய்க்கும் இதே முறைதான். பால் கலக்காத, கட்டியான, காயில் பிடிக்கிற சாலட் எங்கட சமையலில் பரம்பரையாக இருக்கிறது, அதைத் தயிரின் இடத்துக்கு வந்த மாற்றாக யாரும் நினைத்ததே இல்லை.

இனிப்புத் தெரிகிறது என்றால் தேங்காய்ப்பாலைத் தனியாக விட்டிருப்பீர்கள். பச்சை மிளகாயும் வெங்காயமும் வேண்டும், புளி கொஞ்சம் தூக்கலாக நிற்க வேண்டும், உப்பும் கொஞ்சம் கூடத்தான். அரை மூடித் தேங்காய்க்குக் கால் கப் இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும், முதல் பிழியல் மட்டும் எடுங்கள், இரண்டாம் பாலைச் சோற்றுக்கோ குழம்புக்கோ வைத்துவிடுங்கள். தேசிக்காய்ப் புளியைக் கடைசியில், காயெல்லாம் கலந்த பிறகு விடுங்கள், முதலே விட்டு வைத்தால் பால் திரிந்து திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு விஷயம், இதை ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிட முடியாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், வெள்ளை வெள்ளையாக மெழுகுத் துணுக்கு நாக்கில் தட்டும். அன்றைக்குச் செய்து அன்றைக்கே முடிக்க வேண்டியது.

அடுத்தது எள்ளு. இங்கே அரபுக் கடைகளில் தஹினி என்று எள்ளு விழுது போத்தலில் கிடைக்கும், உங்களுக்கு அங்கே வெள்ளை எள்ளு வாங்கி வீட்டிலேயே அரைக்கலாம். தோல் நீக்கிய வெள்ளை எள்ளுதான் வேண்டும், கறுப்பு எள்ளு கசக்கும், நிறமும் மண் நிறமாகிவிடும். வாசம் வரும் வரை மட்டும் லேசாக வறுத்து, ஆறவிட்டு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு அரையுங்கள். பிறகு ஒரு கோப்பையில் எடுத்துத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கலக்கினால் திடீரென்று இறுகி, கரண்டி நகர மாட்டாமல் சிமெந்துக் கலவை மாதிரி ஆகிவிடும். பயந்து கொட்டிவிட வேண்டாம்! குளிர்ந்த தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள், ஒரு கட்டத்தில் நிறம் வெளுத்து, இளகி, பாலாடைப் பதத்துக்கு வந்து நிற்கும். சீரகத்தூளும் பூண்டும் சேருங்கள். கொண்டைக்கடலைச் சாலட்டுக்கு இதை விடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

பால் அலர்ஜி இருப்பவர்களில் சிலருக்கு எள்ளும் கொட்டைகளும்கூட ஒத்துக்கொள்ளாது, பிள்ளைக்கு அதெல்லாம் பரிசோதித்தாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

---

லேபிள்_பார்:

மேலே இருவரும் சொன்ன சமையல் பக்கம் அருமை. நான் கடைச் சாமான் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைக்கு இதே அலர்ஜி, அடுப்படியில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பாக்கெட்டில்தான் பால் ஒளிந்துகொண்டு வரும்.

பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள் அம்மா. அது சைவம் என்பதற்கு மட்டுமே அடையாளம், பாலும் பால் பவுடரும் சைவக் கணக்கில்தான் வருகின்றன. பச்சை நிறத்தில் ‘வி’ எழுத்து போட்ட வீகன் முத்திரை வேறு, அது இருந்தால் பால் சேர்க்கவில்லை என்று பொருள். ஆனாலும் அதே இயந்திரத்தில் பால் பொருளும் ஓடியிருக்கலாம், அதனால் பொருள் பட்டியலுக்குக் கீழே அலர்ஜி பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். பால் இருந்தால் அங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும் என்று நம் நாட்டு விதியே இருக்கிறது. கேசினேட், வே, பால் திடப்பொருள் என்று எந்தப் பெயரில் வந்தாலும் பால்தான்.

முக்கியமாகத் தேங்காய்ப்பால் பவுடர். தேங்காய் என்று பெயர் இருப்பதால் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை, ஆனால் பல பவுடர்களில் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள், அது பாலின் புரதமேதான். காபிக்குப் போடும் நான்-டெய்ரி க்ரீமரிலும் இதே கதை. லாக்டோஸ் பிரச்சினைக்காரர்களுக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாது, உங்கள் மகளுக்கு ஆபத்து. நெய்யிலும் புரதத்தின் மிச்சம் கொஞ்சம் தங்கியிருக்கும், தாளிக்க நெய் விடுகிற வழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியில் சாப்பிடும்போது இன்னொரு கவனம் வேண்டும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாட்டு அரசு 2025 ஏப்ரலில் ஒரு வருடத் தடை போட்டது. தடை சரியான காரணத்துக்குத்தான், கிருமி பயம். ஆனால் முட்டைக்குப் பதிலாகப் பாலை வைத்து எண்ணெய் அடிக்கும் முறை ஒன்று உண்டு, பார்க்க அச்சு அசலாக மயோனைஸ்தான். முட்டை இல்லை என்று கடைக்காரர் சொன்னால் அது நம் பிள்ளைகளுக்குப் போதுமான பதில் இல்லை, பால் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வாங்காதீர்கள்.

மயோனைஸ் ஆசைக்கு வீட்டில் சோயா பாலில் செய்யலாம். அரை கப் சோயா பால், இனிப்பில்லாதது, வெனிலா மணம் போட்ட பாக்கெட் எல்லாம் கூடாது. அரை டீஸ்பூன் கடுகுப் பொடி, உப்பு, இதோடு ஒரு கப் ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய். பால், எண்ணெய் இரண்டும் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி இல்லாமல் அறை வெப்பத்தில் இருக்கட்டும். ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் உயரமான டம்ளரில் எல்லாவற்றையும் ஊற்றி, பிளெண்டரை அடியில் அழுத்திப் பிடித்து ஓட்டி, வெள்ளையாகத் திரண்டதும் மெதுவாக மேலே தூக்குங்கள். மிக்ஸி என்றால் பாலை ஓடவிட்டு, மூடியின் நடு ஓட்டை வழியாக எண்ணெயை நூல்போல விடுங்கள். கடைசியில் 2 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் விட்டதும் கண்ணெதிரில் இறுகும். சோயாவின் புரதமும் லெசித்தினும்தான் இதைச் செய்கின்றன, பாதாம் பாலை வைத்து முயன்றால் இப்படிப் பிடிக்காது. வீட்டிலேயே சோயா பால் எடுத்தால் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும், பச்சையாகச் சேர்க்கவே கூடாது.

---

செட்டிநாட்டுஆச்சி:

பிள்ளை, இவ்வளவு சிரமம் வேண்டாம்மா. வறுத்த வேர்க்கடலையைத் தோல் ஊதிவிட்டு ஒரு கைப்பிடி, ஒரு பச்சை மிளகாய், துளி இஞ்சி, கொத்தமல்லி, எலுமிச்சம்பழம், உப்பு. இட்லிக்கு அரைக்கிற சட்னியைவிட நீர்க்க, ஆனால் மையாக அரைத்துக் காய் மேல் ஊற்று. கேரட்டுக்கும் முட்டைக்கோஸுக்கும் நன்றாக இருக்கும். கடலையைக் கருக விடாதே, ஒரு கடலை கருகினாலும் மொத்தமும் கசக்கும். முந்திரி விலை கட்டுப்படியாகவில்லை என்றாயே, வெள்ளரி விதை வாங்கிக்கொள். ஹோட்டல் குருமாவில் முந்திரியோடு சேர்த்து அரைப்பது அதுதான். பாதி முந்திரி பாதி வெள்ளரி விதை போட்டால் வெள்ளை நிறமும் மாறாது, ருசியும் குறையாது. விதை மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஊற வேண்டும்.

---

கோவைமல்லி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அலர்ஜி பரிசோதனையில் எள், முந்திரி, வேர்க்கடலை, சோயா எல்லாம் பார்த்துவிட்டார்கள், அவளுக்குப் பால் மட்டும்தான். லேபிள் தம்பி சொன்னதும் ஓடிப்போய் அலமாரியில் இருந்த தேங்காய்ப்பால் பவுடரைத் திருப்பிப் பார்த்தேன், சோடியம் கேசினேட் என்று அச்சிட்டிருக்கிறது. தூக்கிப் போட்டாயிற்று. இதற்காகவே உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

சட்னிஜார் சொன்னபடி முந்திரியும், ஆச்சி சொன்னபடி வெள்ளரி விதையும் பாதிப்பாதி போட்டு அரைத்தேன். 3 ஸ்பூன் தண்ணீரில் முதலில் நகரவே மாட்டேன் என்றது, வழித்து வழித்து விட்டதும் வெண்ணெயாக வந்துவிட்டது, விரலில் தேய்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளரிக்காயைப் பிழிந்து கலந்தேன், கிண்ணம் காலியாகும் வரை அடியில் தண்ணீர் இல்லை. மகள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இரண்டு சந்தேகம். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன், காலையில் பார்த்தால் கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகிவிட்டது, கெட்டுப்போய்விட்டதா? அவள் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்பலாமா? கோவையிலிருந்து திருச்சி, பஸ்ஸில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

---

சட்னிஜார்:

கெடவில்லை அக்கா. முந்திரியும் விதையும் ராத்திரி முழுக்கத் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் இறுகுகிறது. இரண்டு ஸ்பூன் தண்ணீரும் கொஞ்சம் எலுமிச்சையும் விட்டு ஸ்பூனால் அடித்தால் பழையபடி ஆகிவிடும், உப்பை மட்டும் ருசி பார்த்துச் சேருங்கள். மறுநாளைக்கு என்றே செய்வதானால் முதலிலேயே கொஞ்சம் நீர்க்க எடுத்து வையுங்கள். சுத்தமான கண்ணாடி பாட்டிலில், ஈரக் கரண்டி படாமல் 3 நாள், அதிகம் போனால் 4 நாள். புதினா கொத்தமல்லி சேர்த்து அரைத்தது என்றால் 2 நாளில் முடித்துவிடுங்கள், நிறமும் மங்கும், மணமும் மாறும்.

பஸ்ஸில் அனுப்ப வேண்டாம். பச்சைப் பூண்டு, தண்ணீர், எண்ணெய் எல்லாம் கலந்த பொருள், நம் வெயிலில் அத்தனை நேரம் போகக் கூடாது. அதற்குப் பதில் பொடியாகக் கொடுத்தனுப்புங்கள். வறுத்த வெள்ளை எள் 2 பங்கு, வறுத்த வேர்க்கடலை 2 பங்கு, மிளகு, சீரகம், உப்பு, கடுகுப் பொடி கொஞ்சம், இதோடு வெயிலில் நன்றாகக் காய்ந்த கறிவேப்பிலை. எல்லாம் முழுக்க ஆறிய பிறகு, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டிப் பொடியுங்கள், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். அவள் அங்கே 3 ஸ்பூன் பொடியில் எலுமிச்சை பிழிந்து, வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினால் 2 நிமிடத்தில் டிரஸ்ஸிங் தயார். முந்திரி அளவுக்கு வழவழப்பு இருக்காது, ஆனால் காயில் ஒட்டும்.

---

லேபிள்_பார்:

பொடி அரைக்கும் ஜாரிலும் பாட்டிலிலும் முன்பு பால் பவுடரோ சத்துமாவோ போட்டிருந்தால் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள், மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவ வேண்டும், மாவு அங்கேதான் தங்கும். ஹாஸ்டலில் அறைத்தோழிகளிடம் அவளுக்கென்று தனி ஸ்பூன் என்று சொல்லி வைக்கச் சொல்லுங்கள், தயிர்க் கிண்ணத்தில் விட்ட ஸ்பூன் இந்தப் பாட்டிலுக்குள் வரக் கூடாது.